குடும்ப ஒயினரிக்குப் போகும் முன்: டேஸ்டிங் ரூமில் என்னதான் நடக்கிறது?

ஒயின் டேஸ்டிங் பற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. வரிசையாகக் குடிப்பதற்கு வைத்த நாகரிகப் பெயர்தான் அது என்பார்கள் சிலர். அபூர்வமான நாக்கு வாய்த்தவர்களின் வித்தை, நமக்கெல்லாம் எட்டாது என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் விஷயம் தவறிப்போகிறது.

கிளாஸில் தெரியும் நிறம், எழும் மணம், நாக்கில் படும் புளிப்பு, துவர்ப்பு எல்லாமே தோட்டத்திலோ தொட்டியிலோ பீப்பாயிலோ யாரோ எடுத்த முடிவால் வந்தவை. அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பிடித்துப் போவதுதான் டேஸ்டிங். சிறிய குடும்ப ஒயினரியில் இது சுலபம். தோட்டமும் தொட்டியும் பீப்பாயும் நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கும். முடிவு எடுத்தவரோ அவர் வீட்டு ஆளோ எதிரில் நின்று ஊற்றிக் கொடுப்பார். கேள்வி கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை.

குடும்பம் என்றால் சின்னதா?

அவசியமில்லை. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து ஆன்டினோரி குடும்பம் 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கிறது. இன்றும் குடும்பத்தின் கையில்தான், ஆனால் பல நாடுகளில் தோட்டம் வைத்திருக்கும் பெரிய நிறுவனம். பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ஹூகெல் குடும்பத்தின் கணக்கு 1639-இல் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், அப்பா தோட்டத்தையும் மகள் நிலவறையையும் மருமகன் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் ஒயினரிகள் ஏராளம். இந்தக் கட்டுரையில் மனதில் வைத்திருப்பது இந்த இரண்டாவது வகை.

போன உடனே கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று உண்டு: 'திராட்சை யாருடையது?' சில குடும்பங்கள் தாங்களே பயிரிட்டுத் தாங்களே ஒயின் ஆக்குகின்றன. சில குடும்பங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வாங்குகின்றன. அமெரிக்காவில் லேபிளில் 'எஸ்டேட் பாட்டில்டு' என்று போட வேண்டுமானால் திராட்சை முழுவதும் அந்த ஒயினரி சொந்தமாக வைத்திருக்கும், அல்லது தன் பொறுப்பில் நடத்தும் நிலத்தில் விளைந்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

விளைவித்த இடத்திலேயே பாட்டிலில் அடைப்பது நாம் நினைப்பது போல ஆதிகால வழக்கம் அல்ல. பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் பகுதியான போர்தோவில் நெடுங்காலம் ஒயினைப் பீப்பாயோடு வியாபாரிகளுக்கு விற்றுவிடுவார்கள். பாட்டிலில் அடைப்பது வியாபாரியின் வேலை. ஃபிலிப் த ரோத்ஷில்ட் என்ற இளைஞர் 1924-இல் தன் குடும்பத்துத் தோட்டமான மூத்தோனில் விளைந்த முழு ஒயினையும் அங்கேயே அடைப்பது என்று முடிவெடுத்தார். அப்புறம்தான் மற்றப் பெரிய தோட்டங்களும் மெல்ல அந்த வழிக்கு வந்தன.

வாங்கிய திராட்சை என்றால் மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. யார் விளைவித்தார்கள், எந்தச் சரிவில் என்று ஊற்றுகிறவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். தெரிந்தவர் நிறுத்தாமல் பேசுவார்.

தோட்டத்தில்: சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும்

நட்ட கொடி உருப்படியான காய்ப்புக்கு வர ஏறக்குறைய 3 ஆண்டுகள் பிடிக்கும். பிறகு ஆண்டுக்கு ஒரே அறுவடை. வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. லேபிளில் இருக்கும் ஆண்டு, அதாவது விண்டேஜ், பறித்த ஆண்டைக் குறிக்கிறது. பாட்டிலில் அடைத்த ஆண்டை அல்ல.

பழம் முதிர முதிர அதில் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். சீக்கிரம் பறித்தால் ஒயின் துள்ளலாகப் புளிக்கும், போதை குறைவாக இருக்கும். தாமதமாகப் பறித்தால் பழவாசம் கனிந்து, போதை ஏறி, புளிப்பு மங்கிவிடும். எந்த நாளில் பறிப்பது என்பது அந்த ஆண்டின் மிகப் பெரிய முடிவு. மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் அந்த வீட்டில் அன்று இரவு யாரும் தூங்க மாட்டார்கள்.

கொடி வரிசைகளின் முனையில் ரோஜாச் செடி நட்டிருப்பதைப் பார்த்தால், 'நோய் வந்தால் முதலில் ரோஜா காட்டிக்கொடுக்கும்' என்று யாராவது சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரோஜாவுக்கு வரும் சாம்பல் நோயின் பூஞ்சை வேறு, திராட்சைக்கு வருவது வேறு. இன்று அது பெரும்பாலும் அழகுக்குத்தான்.

தொட்டியில்: சாறு எப்படி ஒயின் ஆகிறது?

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. அது சாற்றில் உள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும். இந்த மாற்றத்துக்கு நொதித்தல் என்று பெயர். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஆல்கஹால் 1 சதவீதம் ஏறும். லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுவதும் நொதித்தால் சுமார் 13 சதவீத ஒயின். லேபிளில் உள்ள சதவீதத்தைப் பார்த்தே பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்று ஊகிக்கலாம்.

சர்க்கரை அநேகமாக முழுவதும் தீர்ந்துவிட்டால் அந்த ஒயினை 'டிரை' என்பார்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வாய் உலர்ந்துபோவது போன்ற உணர்ச்சியைத்தான் டிரை என்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை. டிரை என்றால் இனிப்பு இல்லை, அவ்வளவுதான். வாய் உலர்வது வேறொன்றின் வேலை. அது திராட்சையின் தோலிலிருந்து வருகிறது.

தோல் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பாதிப் புதிர் இங்கேதான் அவிழ்கிறது. கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறு, ஒருசில ரகங்களைத் தவிர, அநேகமாக நிறமற்றது. நிறம் தோலில் இருக்கிறது. தேயிலையைச் சுடுநீரில் போட்ட கணத்தில் வடித்தால் வெளிர்நிறம். சில நிமிடம் விட்டால் நல்ல நிறம். மறந்துபோய் அரைமணி நேரம் விட்டால் கறுத்து, நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. தொட்டியில் நடப்பதும் இந்த ஊறல்தான். பிழிந்ததும் தோலைப் பிரித்துவிட்டால் வெள்ளை ஒயின். சில மணி நேரம் ஊறவிட்டால் இளஞ்சிவப்பான ரோஸே. ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ தோலோடு நொதிக்கவிட்டால் சிவப்பு ஒயின். பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில் பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையிலிருந்து வெளிறிய நிற ஷாம்பெய்ன் எடுப்பது, பிழிந்ததும் தோலைப் பிரித்துவிடும் முதல் வழியில்தான்.

தோலும் விதையும் நிறத்தோடு நின்றுவிடுவதில்லை, துவர்ப்பையும் தருகின்றன. அந்தத் துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். அது எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழவழப்பு போய், ஈறும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரப்பாகிவிடும். அதுதான் அந்த 'வாய் உலர்ந்த' உணர்ச்சி.

சிவப்பு ஒயின் நொதிக்கும்போது கரியமில வாயு தோல் சக்கையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அது ஓரடுக்காக மிதந்து காய்ந்தால் நிறமும் இறங்காது, கெட்டும் போகும். அதனால் நாளுக்கு ஓரிரு முறை அதைச் சாற்றுக்குள் அமுக்குவார்கள். அல்லது கீழிருந்து சாற்றை இறைத்து மேலே ஊற்றுவார்கள். அறுவடைக் காலத்தில் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் தொட்டிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்காதீர்கள். கரியமில வாயு கனமானது. தொட்டிக்குள்ளும் பள்ளமான இடத்திலும் தேங்கி நிற்கும், ஆளை மூச்சடைத்துச் சாய்த்துவிடும். 'அங்கே போகாதீர்கள்' என்று அவர்கள் சொன்னால் அது உயிர் விஷயம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: புளிப்பின் அளவையும் போதையின் அளவையும் பறித்த நாள் தீர்மானிக்கிறது. நிறத்தையும் துவர்ப்பையும் தோல் ஊறிய நேரம் தீர்மானிக்கிறது. இனிப்பு இருக்கிறதா இல்லையா என்பது ஈஸ்ட் எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது.

பீப்பாய் எதற்கு?

நிலவறையில் வரிசையாகப் படுத்திருக்கும் மரப்பீப்பாய்கள்தான் எல்லோருடைய புகைப்படத்திலும் இருக்கும். போர்தோ வகைப் பீப்பாயின் கொள்ளளவு 225 லிட்டர். 750 மில்லி பாட்டில் 300 நிரப்பலாம். பீப்பாய் வெறும் பாத்திரம் இல்லை, இரண்டு காரியம் செய்கிறது. மரத்தின் வழியாக மிகக் கொஞ்சமாகக் காற்று உள்ளே போய் டானினை மிருதுவாக்குகிறது. அதோடு, ஓக் மரத்தை வளைக்கவும் பதப்படுத்தவும் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவதால் வெனிலா, புகை, கிராம்பு போன்ற வாசனைகள் ஒயினில் இறங்குகின்றன. புதுப் பீப்பாய் நிறையத் தரும். மூன்று நான்கு முறை பயன்படுத்திய பழைய பீப்பாயில் வாசனை தீர்ந்துபோயிருக்கும், காற்று மட்டும் போய்வரும்.

அதனால் 'இது எத்தனை மாதம் பீப்பாயில் இருந்தது?' என்பதைவிட 'இதில் புதுப் பீப்பாய் எவ்வளவு?' என்பது கூர்மையான கேள்வி. மரத்தின் வழியே ஒயின் ஆவியாகிக் கொஞ்சம் குறைந்துகொண்டே இருக்கும் என்பதால் அவ்வப்போது நிரப்பி வைப்பார்கள். எஃகுத் தொட்டியில் மட்டுமே இருந்த ஒயினையும் பீப்பாயில் இருந்ததையும் அடுத்தடுத்து ஊற்றித் தரச் சொல்லிப் பாருங்கள். சில நிமிடங்களில் விளங்கும், ஒரு புத்தகம் படித்தாலும் இவ்வளவு விளங்காது.

சில வெள்ளை ஒயின்களில் வெண்ணெய் வாசம் வரும். அது மரத்தின் வேலை அல்ல. பழத்தில் உள்ள கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாகும் டைஅசெட்டில் என்ற பொருளின் வாசம்.

டேஸ்டிங் ரூமில்: கண், மூக்கு, வாய்

வழக்கமாக மூன்று முதல் ஆறு ஒயின் வரை வரிசையாகத் தருவார்கள். லேசானதிலிருந்து கனமானதுக்கு, வெள்ளையிலிருந்து சிவப்புக்கு, டிரையிலிருந்து இனிப்புக்கு. வரிசை மாறினால் கனமானது முன்னால் வந்து லேசானதை அமுக்கிவிடும். ஊற்றும் அளவு குறைவாக இருப்பது கஞ்சத்தனம் இல்லை. 1977-இல் சர்வதேசத் தர அமைப்பு வரையறுத்த டேஸ்டிங் கிளாஸ் ஏறக்குறைய 215 மில்லி பிடிக்கும். அதில் ஊற்ற வேண்டியது 50 மில்லிதான். மீதி இடம் மணத்துக்கு.

முதலில் நிறம். வெள்ளைக் காகிதத்தின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். சிவப்பு ஒயின் வயதாக ஆக ஊதா குறைந்து செங்கல் நிறம் பக்கம் போகும். வெள்ளை ஒயின் வயதாக ஆகப் பொன்னிறமாக ஆழும்.

அடுத்தது மூக்கு. கிளாஸைச் சுழற்றுவதை வேடிக்கை பார்க்கிறவர்கள் பந்தா என்று நினைப்பார்கள். ஒயின் கிளாஸின் சுவரில் பரவும்போது பரப்பு கூடி, வாசனைப் பொருள்கள் ஆவியாகி மேலே வருகின்றன. வேறு ரகசியம் இல்லை.

அதிகம் கேலிக்கு உள்ளாவது 'மிளகு வாசம் வருகிறது', 'குடைமிளகாய் தெரிகிறது' போன்ற பேச்சுதான். மிளகைப் போட்டா செய்தார்கள்? இல்லை. ஆனால் அது கற்பனையும் இல்லை. ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சை ஒயினின் மிளகு வாசத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். மிளகிலும் இருப்பது அதே பொருள்தான். இன்னொன்றும் தெரியவந்தது: ஐந்தில் ஒருவர் அளவுக்கு மூக்கில் அந்த வாசம் படவே படாது. பக்கத்தில் இருப்பவர் மிளகு என்கிறார், உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் உங்கள் மூக்கின் அமைப்பு அப்படி இருக்கலாம். கபர்னே சாவிஞான் என்ற இன்னொரு கறுப்புத் திராட்சையின் ஒயினில் வரும் குடைமிளகாய் வாசத்துக்குக் காரணமான பைரசின் வகைப் பொருளும் குடைமிளகாயிலேயே உள்ளதுதான்.

அதற்காக எல்லா வர்ணனையையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களைக் கொண்டே அதை வர்ணித்தார்கள். கண் மூக்கை ஏமாற்றும். அதனால் மேசையில் இருக்கும் குறிப்பு அட்டையைப் படிக்கும் முன்பே உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுவது நல்லது. அட்டையைப் படித்தபின் அதில் எழுதியதுதான் மணக்கும்.

கடைசியில் வாய். சிறு மடக்கு எடுத்து வாய் முழுவதும் படும்படி ஓட்டுங்கள். நாக்கு நேரடியாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவை) மட்டுமே. பழவாசம் போன்றவை தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்குப் போவதால் தெரிகின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு, பிறகு விட்டுவிட்டு ஒரு மடக்கு. வித்தியாசம் உடனே புரியும். நாக்கின் ஓரத்தில் எச்சில் சுரந்தால் புளிப்பு அதிகம். ஈறு சொரசொரத்தால் டானின். தொண்டையில் சூடு இறங்கினால் ஆல்கஹால். விழுங்கிய பின்னும் எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று கவனியுங்கள்.

துப்புவது பற்றி: மேசையில் ஒரு வாளியோ கிண்ணமோ இருக்கும். அதில் துப்பலாம், கிளாஸில் மிஞ்சியதைக் கொட்டலாம். அவமரியாதை ஒன்றும் இல்லை. ஒயின் செய்கிறவர்கள் தாங்களும் நாள் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஆறு ஒயின் விழுங்கியபின் ஏழாவதைப் பற்றிச் சொல்லும் கருத்துக்கு மதிப்பு இல்லை. துப்பினாலும் கொஞ்சம் ஆல்கஹால் உடலில் சேரும் என்பதால் வண்டி ஓட்டுவதற்குக் குடிக்காத ஆள் ஒருவர் உடன் வரட்டும்.

சுருக்கமாக: நிறம் வயதைக் காட்டும். மணம் பழத்தையும் மரத்தையும் காட்டும். வாய் புளிப்பு, துவர்ப்பு, சூடு மூன்றையும் அளக்கும். பிடித்ததா என்பது கடைசிக் கேள்வி, அதற்கான பதில் முழுக்க உங்களுடையது.

காதில் விழும் கதைகள்

கிளாஸின் உட்சுவரில் கண்ணீர்போல வழியும் கோடுகள் தரத்தின் அடையாளம் என்பார்கள். ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால் மேற்பரப்பு இழுவிசை இடத்துக்கு இடம் மாறி ஒயின் மேலே இழுபட்டுச் சொட்டாக இறங்குகிறது. இயற்பியலாளர் ஜேம்ஸ் தாம்சன் 1855-லேயே இதை விளக்கிவிட்டார். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆல்கஹால் இருக்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம்.

அடுத்தது சல்ஃபைட். காற்றும் கிருமியும் கெடுக்காமல் இருக்கச் சேர்க்கும் கந்தக டைஆக்சைடைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நொதிக்கும்போது ஈஸ்ட்டும் தானே கொஞ்சம் உண்டாக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் எழுத வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் விதித்திருக்கின்றன. சிவப்பு ஒயின்தான் தலைவலி தருகிறது, காரணம் சல்ஃபைட் என்று பலர் சொல்வார்கள். ஆனால் ஐரோப்பிய விதிப்படி டிரை சிவப்புக்கு உச்சவரம்பு 150 மில்லிகிராம், டிரை வெள்ளைக்கு 200. வெள்ளையில்தான் அதிகம் அனுமதி! ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு மட்டும் சல்ஃபைட் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது, அவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பழையது எல்லாம் உயர்ந்தது என்பது மூன்றாவது கதை. பெரும்பாலான ஒயின்கள் சில ஆண்டுகளுக்குள் குடிக்கச் செய்தவை. புளிப்பும் டானினும் இனிப்பும் போதிய அளவு உள்ள சிலவே பல ஆண்டு தாங்கும். 'இதை எப்போது திறக்கலாம்?' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆரோக்கியத்துக்கு நல்லது என்ற பேச்சையும் விட்டுவிடலாம். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. டேஸ்டிங்கை ஒரு கைத்தொழிலை அறியும் வழியாக வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. குடிக்காதவர்களும் தோட்டத்தையும் நிலவறையையும் பார்க்கப் போகலாம், முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போகும்போது

சின்ன ஒயினரி என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது மரியாதை. அங்கே ஊற்றிக் கொடுப்பதற்கென்று தனி ஆள் இருக்க மாட்டார். டிராக்டரை நிறுத்திவிட்டு வருகிறவராகவே இருப்பார். அறுவடைக் காலத்தில் பார்க்க நிறைய உண்டு, பேச நேரம் இருக்காது. குளிர்காலத்தில் நேர்மாறு. வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு போகாதீர்கள், உங்கள் மூக்கு மட்டுமல்ல, அறையில் உள்ள எல்லோருடைய மூக்கும் கெடும். வெறும் வயிற்றோடும் போக வேண்டாம்.

ஒரு கிளாஸில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தயங்காமல் சொல்லுங்கள். கார்க்கிலிருந்து டிசிஏ என்ற பொருள் இறங்கி அந்தப் பாட்டில் கெட்டிருக்கலாம். லிட்டரில் சில நானோகிராமே போதும், பழவாசம் முழுவதையும் அடித்துவிடும். உடம்புக்குக் கேடு இல்லை. அவர்களும் முகர்ந்துவிட்டு வேறு பாட்டில் திறப்பார்கள்.

டேஸ்டிங்குக்குக் கட்டணம் வாங்குவது பல இடங்களில் உண்டு. பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்கிறவர்களும் உண்டு. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. வாங்கினால் அதை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், காற்று புகும், பழவாசம் வெந்ததுபோல் ஆகிவிடும். வீட்டில் திறக்கும்போது ஒயினரியில் எந்தக் குளிரில் ஊற்றினார்களோ ஏறக்குறைய அந்தக் குளிரில் ஊற்றுங்கள்: வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி செல்சியஸ், சிவப்புக்கு 15 முதல் 18. அங்கே பிடித்த ஒயின் வீட்டில் பிடிக்காமல் போனால், குறை சொல்லும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.